ஆறு காட்டிய வழியில் ஓடிய ரயில்
குண்டளைப் பள்ளத்தாக்கில் 22 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த மலை ரயிலின் வரலாறு

கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு மூணாறு சென்று வருவது இன்று நம்மவரிடையே பரவலாகிவிட்டது. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டத்தவருக்கு அது பக்கத்து மலை. மற்றவர்களுக்கு ஒரு நாள் பயணம். செல்வோர் எல்லோரும் தவறாமல் செய்வன சில உண்டு. மாட்டுப்பட்டி ஏரியில் படகில் ஏறுவார்கள். குண்டளை அணையின் மீது நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பின்னர் அதே சாலையில் மேலும் சென்று, கேரள-தமிழக எல்லையில் மேகங்களுக்கிடையே நிற்கும் ‘டாப் ஸ்டேஷன்’ என்னும் இடத்தை அடைந்து, கீழே தேனி மாவட்டத்துச் சமவெளியைக் கண்டு வியப்பார்கள்.

அங்கே உடன் வந்த குழந்தை கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. “அத்தா, ஸ்டேஷன் என்கிறார்களே, ரயில் எங்கே?”

பெரியவர்கள் பலருக்கு இதற்கு விடை தெரியாது. “அது வெறும் பெயர்தான்” என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அது வெறும் பெயர் அன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த இடத்தில் ஒரு காலத்தில் உண்மையாகவே ரயில் வந்து நின்றது. அங்கிருந்து மலையிறங்கும் பாதையில் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்ற பெயரில் ஒரு சிற்றூரும் இருக்கிறது. சென்னையில் மட்டுமே சென்ட்ரல் உண்டு என்று எண்ணியிருப்போருக்கு இது வியப்பளிக்கும்.

அந்த ரயில் 1902-ஆம் ஆண்டு தோன்றி 1924-ஆம் ஆண்டு மறைந்தது. அது ஏன் தோன்றியது, எப்படி ஓடியது, எதனால் அழிந்தது என்பதை அறிந்துகொண்டால், படகில் செல்லும்போது அந்த ஏரிகளை நாம் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

மலையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள்

மூணாறு என்ற பெயரே அவ்வூரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் சேருமிடம் அது. முதுவர் எனும் மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவந்த அம்மலைகள், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பூஞ்சாற்றுத் தலைவரின் உரிமையில் இருந்தன. 1877-ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் அம்மலைப் பரப்பை அவரிடமிருந்து குத்தகையாகப் பெற்றார். அடுத்து 1879-இல் தோட்டக்காரர்கள் ஒன்றுகூடி வட திருவிதாங்கூர் நில, தோட்ட, வேளாண் சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள்.

தொடக்கத்தில் காப்பி, சிங்கோனா, ஏலம் என்று பலவற்றையும் பயிரிட்டுப் பார்த்தவர்கள் இறுதியில் தேயிலையே அம்மண்ணுக்கு உகந்தது எனக் கண்டார்கள். பின்னர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஃபின்லே நிறுவனம் அங்கே கால்பதித்தது. 1897-ஆம் ஆண்டு கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. காடு வெட்டப்பட்டது. சரிவுகள்தோறும் தேயிலை நடப்பட்டது.

வெட்டியவர்களும் நட்டவர்களும் யார்? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள். வறண்ட சீமையிலிருந்து புறப்பட்டு, போடிநாயக்கனூர் வழியே செங்குத்தான மலைப்பாதையில் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு ஏறியவர்கள் அவர்கள். குளிரும் அட்டையும் மலைக்காய்ச்சலும் அவர்களை வரவேற்றன. இந்த ரயிலின் வரலாறு அம்மக்களின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது.

தேயிலை கிழக்கே இறங்கியது ஏன்?

தேயிலையை விளைவிப்பது பாதி வேலைதான். விளைந்ததைக் கப்பலில் ஏற்றினால்தான் காசு. மூணாற்றிலிருந்து மேற்கே கொச்சிக்குச் செல்ல நெடுந்தொலைவு அடர்ந்த காடும் பேராறுகளும் குறுக்கிட்டன. கிழக்கே நிலைமை வேறு. மலை சட்டென்று செங்குத்தாக இறங்கி, போடிநாயக்கனூர்ச் சமவெளியில் முடிகிறது. அங்கே வண்டிப்பாதை இருந்தது, காளைகள் கிடைத்தன, தோட்டத் தொழிலாளர்களுக்கு வேண்டிய அரிசியும் பலசரக்கும் கிடைத்தன. அப்பால் மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு ரயில் பாதை 1870-களிலேயே வந்துவிட்டது.

ஆகவே தேயிலை கிழக்கு நோக்கியே இறங்கிற்று. மலை விளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்கு ரோப்வே எனப்படும் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது. அதன் கீழ் முனைக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்று பெயர். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வடத்தில் தேயிலைப் பெட்டிகள் தொங்கியபடி ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கத்தைக் கடந்தன. இறங்கும் பாரத்தின் எடை ஏறும் பாரத்தை மேலிழுக்கத் துணைபுரியும் என்பது இத்தகைய வடங்களின் இயல்பு. தேயிலை இறங்க, அரிசி ஏறியது. கொட்டகுடியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் மாட்டு வண்டியில் சென்றால் போடி. அங்கிருந்து ரயில் பாதைக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும், அங்கிருந்து கடல் கடந்து இங்கிலாந்துக்கும் அத்தேயிலை பயணம் செய்தது.

இந்த நெடும் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் குறைவாக இருந்தது. மூணாற்றிலும் சுற்றிலுமுள்ள தோட்டங்களிலும் ஆயத்தமான தேயிலையை, 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள டாப் ஸ்டேஷன் வரை கொண்டுசேர்ப்பது எப்படி? அந்தக் கண்ணியாகத்தான் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பிறந்தது.

ஒற்றைத் தண்டவாளமும் காளை மாடும்

1902-ஆம் ஆண்டு முதலில் போடப்பட்டது நாம் அறிந்த இரட்டைத் தண்டவாள ரயில் அன்று. ஒரேயொரு தண்டவாளம்தான். இன்று பெருநகரங்களில் உயரத் தூண்களின் மீது ஓடும் மோனோ ரயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தரையிலேயே, வண்டிப்பாதையை ஒட்டிப் பதிக்கப்பட்ட ஒற்றைக் கம்பி. எவிங் முறை என்று அதைக் கண்டவரின் பெயராலேயே அழைக்கப்பட்ட அந்த அமைப்பு மிக எளிமையானது.

வண்டியின் அடியில் ஒன்றன்பின் ஒன்றாக உள்ள சக்கரங்கள் அந்தத் தண்டவாளத்தின் மேல் உருளும். சக்கரங்களின் இரு ஓரமும் உயர்ந்திருக்கும். எனவே அவை தண்டவாளத்தை விட்டு விலகா. பாரத்தின் பெரும்பங்கு இச்சக்கரங்களின் மீதே நிற்கும். ஆனால் ஒற்றைக் கம்பியில் நிற்கும் வண்டி சாய்ந்துவிடுமல்லவா? அதற்காகப் பக்கவாட்டில் ஒரு நீண்ட கை போல் சட்டம் அமைத்து, அதன் முனையில் ஒரு பெரிய சக்கரத்தைப் பூட்டி, அதனைச் சாலையின் மீதே உருளவிட்டார்கள். கைத்தடி ஊன்றி நடக்கும் முதியவரைப் போல, அந்தப் பக்கச் சக்கரத்தை ஊன்றியபடி வண்டி நகர்ந்தது. இழுத்துச் சென்றவை காளை மாடுகள்.

இதனால் என்ன ஆதாயம் எனலாம். மண் சாலையில் சக்கரம் புதையும். ஒரு காளை இழுக்கக்கூடிய பாரம் மிகக் குறைவு. இரும்பின் மீது இரும்பு உருளும்போது உராய்வு பெரிதும் குறைவதால் அதே காளை பல மடங்கு பாரத்தை இழுக்கும். ஒற்றைத் தண்டவாளமாதலால் இரும்புச் செலவும் பாதி. மலைப்பாதையின் கூரிய வளைவுகளிலும் எளிதாகத் திரும்பலாம்.

இதே முறையில் பஞ்சாபில் பாட்டியாலா மன்னரும் 1907-இல் ஒரு ரயில் அமைத்தார். அது 1927 வரை ஓடியது. அதன் எஞ்சின் ஒன்று புதுப்பிக்கப்பட்டு டெல்லியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பாட்டியாலாவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிடையே ஒற்றைத் தண்டவாளம் ஓடியது என்பது குறிப்பிடத்தக்கது.

நீராவி எஞ்சின் வந்தது

தேயிலைப் பரப்பு பெருகியது. காளைகளால் ஈடுகொடுக்க இயலவில்லை. 1908-ஆம் ஆண்டு ஒற்றைத் தண்டவாளம் அகற்றப்பட்டு, 2 அடி அகலமுள்ள குறும்பாதை போடப்பட்டது. சிறிய நீராவி எஞ்சின்கள் வந்தன. நம் நாட்டின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இங்கே அது வெறும் 610 மில்லிமீட்டர். டார்ஜிலிங் மலை ரயிலும், மும்பைக்கு அருகிலுள்ள மாத்தேரான் மலை ரயிலும் இதே அளவினவே.

மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் ஆகிய இடங்களில் நிலையங்கள் இருந்தன. பனி மூடிய காலையில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே புகை கக்கியபடி அந்தச் சின்னஞ்சிறு ரயில் ஊர்ந்து செல்வதைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் காட்சி அன்று. தம் கையால் கிள்ளிய கொழுந்து பெட்டிகளில் ஏறிச் செல்வதும், தம் வீட்டு உலையில் வேகவேண்டிய அரிசி கீழ்நாட்டிலிருந்து வந்து சேர்வதும் அந்த வழியில்தான்.

அதே 1908-ஆம் ஆண்டுதான் குன்னூரிலிருந்து உதகமண்டலத்திற்கு நீலகிரி மலை ரயில் நீட்டிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் இரு மலைகளில் இரு ரயில்கள் நிமிர்ந்தன. ஒன்று நூற்றாண்டைக் கடந்தும் ஓடுகிறது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. மற்றொன்று 16 ஆண்டுகளில் மண்ணோடு மண்ணாயிற்று. இந்த வேறுபாட்டுக்கு உரிய காரணத்தில்தான் இவ்வரலாற்றின் சாரம் அடங்கியிருக்கிறது.

ஆறும் ரயிலும் ஒரே பாதையில்

மலையில் ரயில் பாதை போடுவோருக்கு முதல் எதிரி ஏற்றம். வழவழப்பான தண்டவாளத்தின் மேல் சக்கரம் செங்குத்தாக ஏறாது, வழுக்கிவிடும். நீலகிரியில் இதனைச் சமாளிக்க, செங்குத்தான பகுதிகளில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டத்தைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறும்படி செய்தார்கள். அதற்குப் பெரும் பொருட்செலவு ஆயிற்று.

குண்டளையில் அத்தகைய செலவு தேவைப்படவில்லை. ஏனெனில் அங்கே மலையினூடே ஓர் எளிய வழி ஏற்கெனவே இருந்தது. அது குண்டளை ஆறு அரித்து உண்டாக்கிய வழி. நீர் எப்போதும் எளிய சரிவைத் தேடியே ஓடும். பல்லாயிரம் ஆண்டுகளாக ஆறு செதுக்கிவைத்த பள்ளத்தாக்கில் அதன் கரையோரமாகவே சென்றால் ஏற்றம் மெதுவாக வரும். பாறையை உடைக்கும் வேலை குறையும். ரயில் பாதை போட்டவர்கள் அதைத்தான் செய்தார்கள். மூணாற்றிலிருந்து ஆற்றை எதிர்த்து மேலேறி, மாட்டுப்பட்டி வழியே குண்டளைப் பள்ளத்தாக்கில் நுழைந்து, மலை விளிம்பை எட்டினார்கள்.

கணக்கின்படி அது சரியான முடிவு. செலவு குறைந்தது, காலம் மிச்சமாயிற்று. ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. ஆறு காட்டிய வழி எளிய வழிதான். எனினும் அது ஆற்றுக்குச் சொந்தமான வழி. 22 ஆண்டுகள் அது அவர்களுக்கு இரவல் கொடுத்தது. பின்னர் ஒரு மழைக்காலத்தில் திரும்பக் கேட்டது.

தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதம். மலையாள ஆண்டுக் கணக்கில் 1099, கர்க்கடக மாதம். அதனால்தான் கேரளத்துப் பெரியவர்கள் இன்றும் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். ஜூலை நடுவில் தொடங்கிய மழை ஏறத்தாழ மூன்று வாரங்கள் விடாமல் கொட்டியது. மலையிலிருந்து கடற்கரை வரை திருவிதாங்கூரும் கொச்சியும் மலபாரும் நீரில் மூழ்கின.

மூணாற்று மலைகளில் நிகழ்ந்தது வெறும் வெள்ளம் அன்று. மழை நீரை உறிஞ்சி உறிஞ்சி மண் கனத்தது. ஒரு கட்டத்துக்கு மேல் பாறையைப் பற்றியிருக்கும் வலுவை அது இழந்தது. சரிவுகள் பெயர்ந்தன. வேரோடு சாய்ந்த மரங்களும் பாறைகளும் சேறும் குண்டளை ஆற்றில் வந்து விழுந்தன. மாட்டுப்பட்டியில் இரு குன்றுகள் நெருங்கும் இடுக்கில் அவையெல்லாம் சிக்கி, ஆற்றை அடைத்துக்கொண்டு ஒரு கரையாக நின்றுவிட்டன. அதன் பின்னால் நீர் தேங்கத் தொடங்கியது. யாரும் கட்டாத ஓர் அணை. யாரும் வெட்டாத ஓர் ஏரி.

பொறியாளர் கட்டும் அணையில் மிகுதி நீர் வழிந்தோட மதகு இருக்கும். அடித்தளம் பாறையில் ஊன்றியிருக்கும். மண்ணும் மரமும் குவிந்து உண்டான அணைக்கு இரண்டும் இல்லை. நீர் அதன் தலையைத் தாண்டி வழியத் தொடங்கியதும், வழியும் நீரே அந்தக் கரையை அறுத்தது. சிறிய பிளவு பெரிய வாயிலாயிற்று. தேங்கியிருந்த ஏரி முழுவதும் ஒரே பெருஞ்சுவராகப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது.

அதன் வழியில் இருந்தவை எவை? அதே பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிச் சென்ற ரயில் பாதையும், மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த மூணாறு நகரமும்தான். கடைவீதி போயிற்று. வீடுகள் போயின. பாலங்களும் தண்டவாளங்களும் முறுக்கி எறியப்பட்டன. மனித உயிர்களும் கால்நடைகளும் நீரோடு சென்றன. வெள்ளம் வடிந்தபோது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று சொல்லத்தக்க எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

அதே மழையில் ஆலுவாயிலிருந்து மூணாறுக்கு வந்த பழைய காட்டுச் சாலையும் அழிந்தது. அந்த வழியில் இருந்த கரிந்திரி மலை சரிந்து சாலையை இல்லாமல் செய்துவிட்டது. வெளியுலகோடு மூணாறுக்கு இருந்த தொடர்புகள் அறுந்தன.

மீண்டும் ஏன் போடவில்லை?

ரயில் மடிந்தது வெள்ளத்தால். மீண்டும் எழாமல் போனதற்குக் காரணம் காலத்தின் மாற்றம். 1902-இல் மலைப்பாதைக்கு மாற்று காளை வண்டிதான். 1924-இல் நிலைமை அப்படியில்லை. மோட்டார் லாரி வந்துவிட்டது. லாரிக்குத் தண்டவாளம் வேண்டியதில்லை. சாலை இருந்தால் போதும். கம்பிவடங்களும் லாரிகளும் ரயிலின் வேலையை ஏற்றுக்கொண்டன. மக்களை ஏற்றிச் செல்வதற்கென ஏற்பட்ட ரயிலாக இருந்திருந்தால், மீண்டும் வேண்டும் என்று கேட்க ஊர் இருந்திருக்கும். இதுவோ ஒரு கம்பெனியின் சரக்கு ரயில். சரக்குக்கு வேறு வழி கிடைத்ததும் அதைத் தேடுவார் இல்லை. நீலகிரி ரயில் நிலைத்ததற்கும் இது நிலைக்காததற்கும் இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இங்கே காலம் செய்த விந்தை ஒன்று உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் பாதை 1928-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதாவது, மலை மேலே ரயில் அழிந்து நான்கே ஆண்டுகளில் மலையடிவாரத்துக்கு ரயில் வந்தது. மேலே ஒரு ரயில், இடையே கம்பிவடம், கீழே ஒரு ரயில் என மூணாற்றையும் மதுரையையும் இணைத்திருக்கக்கூடிய அமைப்பு, நான்கு ஆண்டு இடைவெளியில் கைநழுவிப் போயிற்று. அந்த இரு ரயில்களும் ஒன்றையொன்று காணவேயில்லை.

மற்றொரு புறம், அதே 1928-இல் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் உழைப்பால் கொச்சித் துறைமுகத்தின் உள்துறைக்குப் பெருங்கப்பல்கள் வரத் தொடங்கின. அடிமாலி, நேரியமங்கலம் வழியே புதிய சாலை அமைந்தது. 1935-இல் பெரியாற்றின் மீது நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை கிழக்கே தூத்துக்குடியைப் பார்த்துக்கொண்டிருந்த மூணாற்றுத் தேயிலை மெல்ல மேற்கே கொச்சியை நோக்கித் திரும்பியது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு இருந்துவிட்டதையும் நாம் அறிவோம். அதற்குக் காரணங்கள் பல. எனினும், கிழக்கு வழி தன் முதன்மையை இழந்து மேற்கு வழி ஓங்கிய மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஏரிகள் வந்தன

நாம் படகில் செல்லும் ஏரிகள் அந்த ரயிலின் காலத்தில் இல்லை. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு நீரைச் சேமித்துத் தருவதற்காகக் குண்டளை அணை 1946-லும், மாட்டுப்பட்டி அணை 1953-லும் கட்டி முடிக்கப்பட்டன. ஒரு காலத்தில் எஞ்சின் புகை எழுந்த பள்ளத்தாக்கு, நீர் தேங்கும் பள்ளத்தாக்காக மாறியது.

1924-இல் மண்ணும் மரமும் அடைத்து ஏரி உண்டாக்கிய அதே மாட்டுப்பட்டியில்தான் பிற்காலத்தில் மனிதர் அணை கட்டினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இரு குன்றுகள் நெருங்கும் அந்த இடுக்கு, அணைக்கு ஏற்ற இடம் என்பதை வெள்ளமே முதலில் காட்டிக்கொடுத்தது போலும்.

இன்று காணக்கூடியவை

அந்த ரயிலின் எச்சங்கள் சிலவே. மூணாற்றில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் பின்னர் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. நல்லதண்ணி தோட்டத்தில் 2005-இல் தொடங்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. டாப் ஸ்டேஷனில் கம்பிவட நிலையத்தின் இடிபாடுகள் எஞ்சின. இவையன்றி எஞ்சியிருப்பவை பெயர்கள் மட்டுமே: டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன்.

கீழே போடியின் ரயிலும் பல இடர்களைக் கண்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. நாடு விடுதலை பெற்றபின் 1950-களில் மீண்டும் போடப்பட்டன. 2010-ஆம் ஆண்டு இறுதியில் அகலப் பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட ரயில், 12 ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் 2023 ஜூன் மாதம் போடியை வந்தடைந்தது. போடி மக்கள் அதை எத்தனை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்பதை அங்கு உறவினர் உள்ளவர்கள் அறிவார்கள். கேட்பதற்கு ஓர் ஊர் இருந்ததால் அந்த ரயில் திரும்பி வந்தது.

நாம் பெறும் படிப்பினை

மறைந்த ரயிலைப் பற்றிப் பேசுவதால் இன்று என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு.

2018 ஆகஸ்ட் மாதப் பெருமழையில் முதிரப்புழை கரைபுரண்டு, பழைய மூணாறுப் பகுதியில் மீண்டும் நீர் புகுந்தது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். கொழுந்து கிள்ளக் கங்காணிகளின் பின்னே மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 2024 ஜூலை 30-ஆம் நாள் அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் நிகழ்ந்து அப்போது சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இடங்கள் வேறு, ஆண்டுகள் வேறு. எனினும் நிகழ்ந்த முறை ஒன்றே. மழை பொழிகிறது, மண் கனக்கிறது, சரிகிறது, சரிந்தது ஓடையின் வழியே இறங்குகிறது. ஓடையின் ஓரத்தில்தான் வீடுகள் இருக்கின்றன. ஏனென்றால் அங்கேதான் ஓரளவு சமதரை உண்டு. குடிக்க நீர் உண்டு. பாதை போட எளிது. அன்று ரயில் பாதை போட்டவர்கள் செய்த அதே கணக்குத்தான் இது. ஆறு அமைதியாக இருக்கும் ஆண்டுகளைப் பார்த்துப் போட்ட கணக்கு.

ரயிலை இழந்த கம்பெனிக்கு லாரி கிடைத்தது. அழிந்த சாலைக்குப் பதிலாக வேறு சாலை கிடைத்தது. ஓடையோரத்து லயத்தில் குடியிருக்கும் ஏழைக்கு வேறு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. எங்கே வீடு கொடுக்கிறார்களோ அங்கேதான் அவர் உறங்க வேண்டும். ஆகவே மலையில் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதைத் தீர்மானிப்பவர்கள், அந்த ஏழையின் உறக்கத்துக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறார்கள். மலையில் தங்கும் விடுதி எழுப்ப எண்ணும் நம்மவர்களும், ஆற்றங்கரை அறைதான் வேண்டும் என்று கேட்கும் நாமும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு மூணாறு செல்வோர், மாட்டுப்பட்டியில் படகு ஏறும்முன் பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, இரு குன்றுகள் நெருங்கும் அந்த இடுக்கைக் காட்டுங்கள். இங்கேதான் யாரும் கட்டாத அணை ஒன்று உருவாகி உடைந்தது என்று சொல்லுங்கள். பின்னர் டாப் ஸ்டேஷனில் நின்று “ரயில் எங்கே?” என்று அவர்கள் கேட்கும்போது, உங்களிடம் விடை இருக்கும்.

ரயில் ஆற்றின் வழியில் இருந்தது. ஆறு தன் வழியே சென்றது.